மூன்றாம் திருகாணி

சாகாத பெயர் ஒன்றின் விலை, துறைமுகத் தீர்வையோடு சேர்த்து, ஒரு கோடி நாற்பத்தாறு இலட்சம் ரூபா. வாங்குகிறவருக்கு ஒரு யப்பான் வான் வண்டி இலவசமாகக் கிடைக்கும்.

ரொறன்ரோவில் இருக்கும் கஜானன் அந்த விலையைப் பேரம் பேசாமல் கொடுத்தார். பெயர் அவருடைய தகப்பன் பொன்னுத்துரையினுடையது. பொன்னுத்துரை உயிரோடு இருந்த காலத்தில் புத்தூர்ச் சந்தியில் அந்தப் பெயரைச் சொல்லி ஒரு கோப்பை பிளேன்ரீ கடனாகக் கேட்டால் கிடைத்திராது. புகையிலையும் அப்படித்தான், காய்ந்த பிறகுதான் அதற்கு விலை.

வானைப் பொறுப்பேற்றது நாவலடிக் குறிச்சி உலகளாவிய நலன்புரி ஒன்றியம். நாவலடிக் குறிச்சி என்பது புத்தூருக்குக் கிழக்கே, வெங்காயத் தோட்டங்களுக்கு நடுவில், நூறு வீடு சொச்சம் உள்ள இடம். அதில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது. பூட்டுகளின் திறப்புகள் ரொறன்ரோ, லண்டன், சூரிச், பாரிஸ் ஆகிய நகரங்களில் இருப்பதால் ஒன்றியம் உலகளாவியதாயிற்று.

வானின் வேலை, ஊர் நோயாளிகளை யாழ்ப்பாணத்துப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் கொண்டுவருவது. சாரதி தம்பிராசா, அரசாங்க பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். வானில் அதிகம் போய்வந்தவள் அவருடைய மனைவி ஞானாம்பிகைதான். அவளுக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு விட்டன. கிழமைக்கு மூன்று தரம் உடம்பிலுள்ள இரத்தத்தை இயந்திரத்தில் விட்டுச் சுத்திகரிக்க வேண்டும். ஒரு தரம் தவறினால் கால் வீங்கும். இரண்டு தரம் தவறினால் நெஞ்சுக்குள் தண்ணீர் ஏறும். மூன்றாம் தரத்துக்கு டொக்டர் கையை விரித்துக் காட்டினார்.

உயிர் போகிற அவசரத்துக்கு இலவச வண்டி இருக்கிறது, கூப்பிட்டால் வரும். ஆனால் ஒரே ஆளுக்குக் கிழமைக்கு மூன்று தரம் உயிர் போகிறது என்று எப்படிச் சொல்வது? ஓட்டோவில் போகலாம். போகும்போது இருந்துகொண்டு போகிறவள், திரும்பும்போது படுத்துக்கொண்டுதான் வரவேண்டும். ஓட்டோவில் படுக்க இடமில்லை. ஆகவே ஞானாம்பிகைக்கு மிஞ்சியிருந்த வழி அந்த வான் ஒன்றுதான்.

ஒன்றியத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. அவர்கள் நாடா வெட்டுவதில்லை. வெட்டிய நாடா குப்பைக்குப் போகும், பெயர்ப்பலகை நிற்கும். எந்தப் பொருள் வந்தாலும் உபயகாரரின் பெயரைப் பித்தளையில் வெட்டி, நல்ல முகூர்த்தத்தில், முக்கியஸ்தர் ஒவ்வொருவரும் ஒவ்வொரு திருகாணியாகப் பூட்டுவார்கள். வானுக்கும் அப்படியே நடந்தது. இரண்டடி நீளப் பலகை, சாரதிக்குப் பக்கத்து இருக்கைக்கு நேரே, டாஷ்போட்டில். முதல் திருகாணியை ஒன்றியத் தலைவர், ஓய்வுபெற்ற கல்வி அதிகாரி சிவக்கொழுந்து பூட்டினார். இரண்டாவதைப் பிரதம விருந்தினர் பூட்டினார். அவர் யாரென்று இப்போது ஒருவருக்கும் ஞாபகமில்லை. மூன்றாவதைக் கனடாவிலிருந்து வந்திருந்த கஜானன், கெட்டிமேளம் முழங்கப் பூட்டினார். நாலாவது செயலாளர் மயூரதனுடையது.

மூன்றாவது இலேசில் இறங்கவில்லை. கஜானன் வேட்டியை மடித்துக் கட்டி, முழங்காலை ஊன்றித் திருகினார்.

"அப்பா ஒரு நாளும் லேசிலை இறங்கிப் போனவரில்லை," என்றார். எல்லாரும் சிரித்தார்கள். ட்ரோன் கமரா மேலே நின்று வானின் கூரையைப் படம் பிடித்தது.

தை மாதத்தில் ஒரு நாள், ஆஸ்பத்திரியால் திரும்பி வரும்போது, நீர்வேலியில் வான் ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்தது. கார்த்திகை விளக்கீட்டுக்கு எரிகிற மாதிரி டாஷ்போட்டில் இருந்த விளக்குகள் எல்லாம் எரிந்தன. வான் ஓடிக்கொண்டிருக்க, வேகம் காட்டும் முள் பூச்சியத்தில் படுத்துவிட்டது. ஸ்ரியரிங் இறுகியது. தம்பிராசா ஓரங்கட்டினார்.

பின்னால் கட்டிலில் கிடந்த ஞானாம்பிகை தலையைத் தூக்கிப் பார்த்தாள். "என்னப்பா இவ்வளவு விளக்கு? கோயிலுக்கு வந்திட்டமோ?"

"வான் நிண்டிட்டுது, ஞானம்."

"அப்ப நேத்திக்கடன் ஒண்டு வையுங்கோ."

அரை மணித்தியாலம் கழித்து வான் தானாகவே உயிர்பெற்றது. அடுத்த நாள் தம்பிராசா அதைக் குருநகருக்குக் கொண்டுபோனார். அங்கே கிறிஸ்ரோபர் என்று வாகன மின்வேலை செய்கிற ஒருவர். வாய்க்காரர். வேலைக்கும் காசு வாங்குவார், வாய்க்கும் காசு வாங்குவார். ஸ்ரியரிங்கின் கீழே ஒரு சொக்கற்றில் தன் கருவியைக் கொழுவினார். திரையில் எழுத்துகள் ஓடின.

"பதினொரு பிழைக் கோட் கிடக்கு, அண்ணை."

"பதினொரு வருத்தமோ?"

"வருத்தம் ஒண்டு. கோள் சொல்லுறவை பதினொரு பேர். பாருங்கோ, பிரேக் கொம்பியூட்டர் சொல்லுது, இஞ்சின் தன்னோடை கதைக்குதில்லையாம். இஞ்சின் சொல்லுது, கியர் கதைக்குதில்லையாம். ஸ்ரியரிங் சொல்லுது, ஒருத்தருமே தன்னோடை கதைக்கினமில்லையாம். இந்த வகைக் கோட் எல்லாம் உப்பிடித்தான். ஆக்கள் பழுதில்லை. பேச்சுவார்த்தை பழுது."

"எங்கடை பெரியப்பா வீட்டுக் காணி வழக்கு மாதிரி."

"அதிலை ஆளுக்கொரு லோயர். இதிலை எல்லாருக்கும் ரெண்டே ரெண்டு வயர். சடைப்பின்னல் மாதிரி முறுக்கி விட்டிருக்கு. எல்லாக் கொம்பியூட்டரும் அதுக்காலைதான் கதைக்க வேணும். வாசிச்சதுக்கு மூவாயிரம்."

"பதினொண்டும் ஒரே கதையைத்தானே சொல்லுது. ஒண்டின்ரை காசை எடுமன்."

"கதை ஒண்டுதான் அண்ணை. கேட்டது பதினொரு தரம்."

இரண்டாயிரத்துக்கு இறங்கினார். பிறகு பற்றறியைக் கழற்றிவிட்டு, மீற்றரின் இரண்டு முனைகளையும் அந்தச் சொக்கற்றில் வைத்தார். அறுபது ஓம் காட்டியது. "இது சரி. இப்ப பாருங்கோ." டாஷ்போட்டில் முஷ்டியால் ஒரு குத்து. இலக்கம் மூன்றுக்கு விழுந்தது. "ரெண்டு வயரும் எங்கையோ முட்டுது." இடம் இடமாகக் குத்திக்கொண்டு போனார். பித்தளைப் பலகையின் மூன்றாம் திருகாணியை அரைச் சுற்றுத் தளர்த்தியதும் இலக்கம் அறுபதுக்கு ஏறியது. கையுறைப் பெட்டியைக் கழற்றி உள்ளே டோர்ச் அடித்துக் காட்டினார். திருகாணியின் நுனி, வயர்க் கட்டுக்குள் ஏறி நின்றது.

"இதைக் கழட்டி, வயருக்கு ஒட்டு ரேப் சுத்திவிட்டால் சரி. பத்து நிமிஷ வேலை."

தம்பிராசா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். "பொறும் தம்பி. உது கஜானன்ரை ஸ்குறூ."

"ஸ்குறூவுக்குமோ சொந்தக்காரர்?"

"எங்கடை ஊரிலை இருக்கு."

கிறிஸ்ரோபர் பலகையை வாசித்தார். "நாங்கள் குருநகரிலை படகுக்குப் பேர் எழுதுறனாங்கள், அண்ணை. பெயின்ற்றாலை. படகிலை ஓட்டை போட்டு எழுதுறேல்லை."

திருகாணியை இருந்தபடி இறுக்கிவிட்டு, கண்டதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்.

ஒன்றியம் கூடியது. மண்டபத்தில் ஒன்பது பேர். சுவரில் விரித்த வெள்ளைத் துணியில், வீடியோ வழியாக, நாலு நாடுகள். தலைவர் சிவக்கொழுந்து எழுந்து நின்றார். அவர் இருந்துகொண்டு பேசுவதில்லை.

"இந்த அறிக்கையை நான் கவனமாப் படிச்சனான். பதினொரு முறைப்பாடு. நான் முப்பது வருஷம் கல்வித் திணைக்களத்திலை இருந்த அனுபவத்தைச் சொல்லுறன். முறைப்பாடு எண்டு வந்தால் முறைப்பாட்டை விசாரிக்கப்படாது. அது முடிவில்லாத வேலை. முறைப்பாடு செய்த ஆளை இடம் மாத்த வேணும். நான் எத்தினையோ ஆசிரியர்மாரை நெடுந்தீவுக்கு மாத்தியிருக்கிறன். மாத்தினாப் பிறகு அந்தப் பள்ளிக்கூடத்திலையிருந்து ஒரு முறைப்பாடு வந்ததோ? வரேல்லை. இஞ்சை முறைப்பாடு செய்தது ஆர்? பிரேக் கொம்பியூட்டர். ஸ்ரியரிங் கொம்பியூட்டர். ரெண்டையும் மாத்துவம்."

தம்பிராசா கடைசிக் கதிரையில் இருந்து எழும்பினார். "ஐயா, மெக்கானிக் கீழை எழுதியிருக்கிறான். மூண்டாவது ஸ்குறூ வயரிலை முட்டுதாம். கழட்டினால் சரியாம்."

துணியில் இருந்த கஜானனின் முகம் அசையாமல் நின்றது. இணைப்புத்தான் போய்விட்டதென்று செயலாளர் மயூரதன் கேபிளை ஆட்டிப் பார்த்தான். இணைப்பு இருந்தது.

"அண்ணை, என்ரை அப்பாவின்ரை பேராலை வான் பழுதாப் போச்சு எண்டு சொல்லுறியளோ?"

"பேராலை இல்லைத் தம்பி. ஸ்குறூவாலை."

"ஸ்குறூ இல்லாமல் பேர் எப்பிடி நிக்கும்?"

ரேப் போட்டு ஒட்டலாம் என்று தம்பிராசா சொல்ல நினைத்தார். கூட்டத்தின் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

பலகை பொதுக்கூட்டத் தீர்மானத்தின்படி பூட்டப்பட்டது. ஆகவே பொதுக்கூட்டத் தீர்மானத்தின்படிதான் கழற்றலாம். அதுவும் உபயகாரர் நேரில் நிற்க. உபயகாரர் நல்லூர்க் கோயில் கொடியேற்றத்துக்கு வருவார். அதற்கு ஆறு மாதம் இருந்தது. அதுவரை, முறைப்பாடு செய்த கணினிகளை மாற்றுவதென்று ஏகமனதாக முடிவாயிற்று.

பிரேக் கணினியை லண்டன் கிளை, ஒருவரின் தாயார் ஞாபகார்த்தமாக அனுப்பியது. ஸ்ரியரிங் கணினியைச் சூரிச் கிளை, ஒருவரின் மாமனார் ஞாபகார்த்தமாக. இரண்டுக்கும் பலகை, இரண்டுக்கும் முகூர்த்தம், இரண்டுக்கும் மேளம். தங்களைக் கேட்கவில்லை என்று பாரிஸ் கிளை கோபித்து, கை துடைக்கிற ரிசு பேப்பர் பெட்டி ஒன்று அனுப்பியது. அதற்கும் பலகை. பெட்டியைவிடப் பலகை பெரிதாக இருந்தபடியால், பெட்டியைப் பலகையில் பூட்டினார்கள்.

கிறிஸ்ரோபர் மறுபடி கருவியைக் கொழுவிப் பார்த்தார். "முந்திப் பதினொண்டு. இப்ப பதினாலு. புதுசா வந்தவையும் சேர்ந்து கோள் சொல்லினம். இனி நீங்கள் கப்பலிலை கொம்பியூட்டர் இறக்கினாலும் அந்த ஸ்குறூவைத்தான் சொல்லும்."

தலைவருக்கு இந்தச் செய்தி போனது. "பங்களிப்புக் கூடியிருக்குது," என்று குறிப்பில் எழுதுவித்தார்.

இதற்கிடையில், எந்தப் பள்ளத்தில் நிற்குமோ என்று வானை முற்றத்தில் விட்டுவிட்டு, ஞானாம்பிகை ஓட்டோவில் போய்வந்தாள். திரும்பும்போது தம்பிராசாவின் மடியில் தலையை வைத்து, காலை வெளியே நீட்டி, வழியெல்லாம் வாந்தி எடுத்துக்கொண்டு வந்தாள். உரும்பிராய் தாண்டினதும் ஒரு நாள் கேட்டாள்:

"இஞ்சாருங்கோ, வானுக்கு ரெண்டு கொம்பியூட்டர் மாத்திப் போட்டினமாம்?"

"ஓம்."

"என்னையும் ஒரு கொம்பியூட்டர் எண்டு எழுதிக் குடுங்கோவன். லண்டனிலையிருந்து ஒண்டு, சூரிச்சிலையிருந்து ஒண்டு. விலாவிலை பலகை அடிச்சாலும் பறவாயில்லை."

தம்பிராசா சிரிக்கவில்லை. அடுத்த முறைக்கு ஓட்டோக்காரன் வரவில்லை. சத்தியைக் கழுவிக் கழுவிச் சலித்துவிட்டான் என்று ஆள் அனுப்பியிருந்தான். தம்பிராசா காலை ஏழு மணிக்கு, ஒளிவு மறைவில்லாமல், மண்டப முற்றத்தில் நின்ற வானுக்குள் ஏறி, மூன்றாம் திருகாணியைக் கழற்றினார். கையை உள்ளே விட்டு வயருக்கு ரேப் சுற்றினார். கிறிஸ்ரோபர் சொன்னது பத்து நிமிஷம், அதுகூடச் செல்லவில்லை.

அதன் பிறகு வான் ஒரு குறையும் சொல்லவில்லை. ஞானாம்பிகை படுத்துக்கொண்டு போனாள், படுத்துக்கொண்டு வந்தாள். கால் வீக்கம் வற்றியது. அவளுக்குச் சுகம் வந்ததற்கு அடையாளம், அவருடைய ஓட்டத்தைக் குறை சொல்லத் தொடங்கியது. "பஸ் ஓடினது காணும். பின்னுக்குச் சனம் தொங்கேல்லை, ஆறுதலாப் போங்கோ."

இப்படி ஒரு மாதம் போனது. கிளைகளுக்கு மாதந்தோறும் பெயர்ப்பலகை நிலை அறிக்கை அனுப்புவது மயூரதனின் கடமை. வான் ஓடுகிறதா என்பது அந்த அறிக்கையில் வராது. பலகைகளின் படம் மட்டும் போகும். கஜானன் படத்தைப் பெருப்பித்துப் பார்த்தார். தகப்பனின் பெயருக்குப் பக்கத்தில், கடைசி எழுத்தை ஒட்டி, ஒரு கறுப்பு ஓட்டை.

அவசரக் கூட்டத்தில் அவர் அழுதார். நடிப்பில்லை. "நான் அப்பான்ரை செத்த வீட்டுக்கு வரேல்லை, ஐயா. விசா இல்லை. அந்தப் பலகையைத்தான் நான் பாக்கிறனான். அதிலை ஓட்டை விழுந்து கிடந்தால் எப்பிடிச் சோறு இறங்கும்?"

மண்டபத்தில் எல்லாருக்கும் கண் கலங்கியது. தம்பிராசாவுக்கும்தான். அதனால் அவர் தப்பவில்லை. வானுக்கு முத்திரை வைத்து, விசாரணை ஆரம்பமாயிற்று.

"மூண்டாம் திருகாணியைக் கழட்டினது ஆர்?" தலைவர் கேட்டார்.

"நான்தான், ஐயா."

"ஏன்?"

"வான் ஓடுறதுக்கு."

"வான் ஓடவேணுமெண்டு எந்தக் கூட்டத்திலை தீர்மானிச்சது?"

தம்பிராசா யோசித்தார். மயூரதன் பழைய கூட்டக் குறிப்புகளை ஒவ்வொன்றாகப் புரட்டினான். வானைப் பெறுவதற்குத் தீர்மானம் இருந்தது. பலகை பூட்டுவதற்கு இருந்தது. மதிய போசனத்துக்கு இருந்தது. ஓடுவதற்கு இல்லை.

"மனுசி வருத்தக்காரி, ஐயா. உங்களுக்குத் தெரியும்."

"தம்பிராசா, நீர் ஒண்டை விளங்கிக்கொள்ளும்," தலைவரின் குரல் கனிந்தது. "வான் பத்து வருஷத்திலை பழைய இரும்புக்குப் போகும். குறை நினையாதையும், நோயாளியும் ஒரு நாள் போகும். நிக்கிறது பேர். நிக்கிற பொருளுக்குத்தான் ஒரு நிர்வாகம் செலவழிக்க வேணும். போற பொருளுக்குச் செலவழிச்சால் கணக்காய்வாளர் எங்களை என்ன கேப்பார்?"

ஐயாயிரம் ரூபா தண்டம். திருகாணியைக் கழற்றிய அவருடைய திருப்புளி சான்றுப் பொருளாகக் கைப்பற்றப்பட்டது. மீள்பொருத்தல் விழா ஒன்று வைப்பதென்றும் முடிவாயிற்று. புதுத் திருகாணியைத் தானே அனுப்புவதாகக் கஜானன் சொன்னார். கறள் பிடிக்காத உருக்கு, முந்தினதைவிட அரை அங்குலம் நீளம். "அதின்ரை தலையிலை சதுர ஓட்டை. அதுக்கேத்த திருப்புளி எங்கடை நாட்டிலைதான் சனம் பாவிக்கிறது. இனி அங்கை ஒருத்தரும் கழட்ட ஏலாது." எங்கள் நாடு என்று அவர் சொன்னது கனடாவை.

முத்திரை வைத்த நாட்களில் ஞானாம்பிகை வேறொரு ஓட்டோவில் ஒரு தரம் போய்வந்தாள். அடுத்த தரத்துக்கு ஓட்டோ வாசலில் வந்து நின்றது. அவளால் ஏறி இருக்க முடியவில்லை. மடங்கி இருந்தால் மூச்சு வரவில்லை. அதற்கடுத்த தரமும் அப்படியே தவறியது. விழா நாள் விடிய, தம்பிராசா அவசர வண்டியைக் கூப்பிடப் போனை எடுத்தார். அந்நேரம் மயூரதன் படலையைத் திறந்துகொண்டு வந்தான்.

"அண்ணை, வான் இண்டைக்கு வெளிக்கிடுது. முதல் பயணம் அக்காதான். தலைவர் சொல்லிப்போட்டார், படமும் எடுக்க வேணுமாம். அரை மணித்தியாலத்திலை ஆஸ்பத்திரியிலை நிக்கலாம். ஏன் வீணா வேறை வண்டியைக் கூப்பிடுறியள்?"

தம்பிராசா போனை வைத்தார்.

ஞானாம்பிகையை வானில் படுக்க வைத்து, கதவைத் திறந்து விட்டார்கள். வெளியே நிறைகுடம், குத்துவிளக்கு, வாழைக்குலை. தலைவர் பேசினார். கல்வித் திணைக்களத்தில் தொடங்கி ஒன்றியத்துக்கு வருவதற்கு நேரம் எடுத்தது. லண்டன் பேசியது. சூரிச் பேசியது. பாரிஸுக்குச் சத்தம் வரவில்லை; வரும்வரை காத்திருந்தார்கள். ஒரு கலியாணத்துக்காகக் கனடாவிலிருந்து வந்திருந்த கஜானனின் மைத்துனர், சதுரத் திருப்புளியோடு முன்னுக்கு ஏறினார்.

"பொன்னுத்துரையர் சைக்கிளிலை வந்தால் றோட்டின்ரை நடுவிலைதான் வருவார்," ஞானாம்பிகை மூச்சுக்கு மூச்சு நிறுத்திச் சொன்னாள். "ஒரு நாளும் எனக்கு வழி விட்டதில்லை."

"கதையாதை, ஞானம். இப்ப போயிடலாம்."

திருகாணி இறுகியது. மேளம் முழங்கியது. மைத்துனர் திருப்புளியைத் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, அப்படியே விமான நிலையத்துக்குப் போகிற வாகனத்தில் ஏறினார். தம்பிராசா திறப்பைத் திருப்பினார். வான் ஸ்ரார்ட் ஆனது. எல்லாரும் கை தட்டினார்கள்.

நீர்வேலி தாண்டியது. கோப்பாயில், தண்ணீர்க் குழாய்க்கு வெட்டி மூடியிருந்த இடத்தில், வான் ஏறி இறங்கியது. விளக்கு எல்லாம் எரிந்தது. முள் படுத்தது. இந்த முறை ஓடும்போதே இஞ்சினும் நின்றது. திறப்பைத் திருப்பத் திருப்ப, திறப்பு யாருடையதென்று இஞ்சினுக்குச் சொல்ல வேண்டிய கணினி வாய் திறக்கவில்லை.

தம்பிராசா முதலில் அவசர வண்டியைக் கூப்பிட்டார். பிறகு கிறிஸ்ரோபரை.

"அதே ஸ்குறூதான், அண்ணை. கழட்டுங்கோ, ஸ்ரார்ட் ஆகும்."

"சதுர ஓட்டையடா தம்பி."

"என்ன ஓட்டை?"

"சதுரம். கனடாச் சாமான்."

"அப்பிடியொண்டை நான் கண்டதில்லை, அண்ணை."

சந்தியில் நின்ற சனம் கூடியது. சைக்கிள் கடைக்காரர் தன்னிடமிருந்த திருப்புளிகளை எல்லாம் கொண்டு ஓடிவந்தார். தட்டை வாய் உள்ளே புகுந்து சுற்றியது, திருகாணி சுற்றவில்லை. நட்சத்திர வாய் புகவே இல்லை. யாரோ கத்தி கொடுத்தார்கள், நுனி முறிந்தது. தோட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்த ஒருவர் சைக்கிளில் கட்டியிருந்த அலவாங்கை அவிழ்த்து நீட்டினார். தம்பிராசா அதைப் பலகையின் கீழே கொடுத்து நெம்பினார். பித்தளை நெளிந்தது. அவருடைய உள்ளங்கை கிழிந்து, பொன்னுத்துரையின் பெயரில் இரத்தம் வழிந்தது. பலகை நெளிந்து நெளிந்து, பெயர் வாசிக்க முடியாமல் போயிற்று. திருகாணி அசையவில்லை. கனடாச் சாமான் நல்ல சாமான்தான். அதில் பொய் சொல்லக் கூடாது.

பின்னால் நின்ற ஒரு பெண், "அண்ணை, அதை விடுங்கோ. இஞ்சை வந்து பாருங்கோ," என்றாள்.

அவசர வண்டி கெதியாகத்தான் வந்தது. ஞானாம்பிகை அதைவிடக் கெதியாகப் போய்விட்டாள். பெரியாஸ்பத்திரிக்கு அவளைக் கொண்டுபோனார்கள். இரத்தம் சுத்திகரிக்கிற பகுதிக்கு அல்ல.

ஒன்றியம் கண்ணீர் அஞ்சலிப் பிரசுரம் அடித்து, புத்தூர்ச் சந்தி வரை ஒட்டியது. ஒன்றியத்தின் பெயர் மேலே பெரிதாகவும், ஞானாம்பிகையின் பெயர் கீழே அடக்கமாகவும் இருந்தன. அந்தியேட்டிச் சடங்கு முடிந்த மறுநாள் மயூரதன் ஒரு தாளோடு வந்தான். முற்றத்துப் பந்தலை இன்னும் பிரிக்கவில்லை. தம்பிராசா அதன் கீழே கதிரையில் இருந்தார். வலது கையில் கட்டு.

"அண்ணை, கணக்கு. சகாய நிதியிலை உங்களுக்கு வரவேண்டியது, நீங்கள் தரவேண்டியது, எல்லாம் ஒண்டாப் போட்டிருக்கு. கோப்பாய் வரைக்கும் ஓடின டீசலுக்குக் காசு எடுக்க வேண்டாமெண்டு தலைவர் சொல்லிப்போட்டார். பயணம் முடியாதபடியால்."

தம்பிராசா வாசித்தார்.

வரவு
மரணச் சகாய நிதி: 40,000

செலவு
கோப்பாயிலிருந்து உழவு இயந்திரத்தில் வானை இழுத்த கூலி: 12,000
நெளிந்த பித்தளைப் பலகையைப் புதிதாக வெட்டுவித்தது: 18,500
விசாரணைத் தண்டம்: 5,000
கண்ணீர் அஞ்சலிப் பிரசுரம்: 4,500

மீதி: இல்லை

"கூட்டிப் பாருங்கோ, அண்ணை. நேராக் கிடக்கும்."

"கூட்டினது சரி, தம்பி. பேனையைத் தாரும்."

இடது கையால், பிள்ளைகள் எழுதுகிற மாதிரிக் கோணலாக, 'இல்லை' என்பதை வெட்டிவிட்டுப் பக்கத்தில் 'ஆள் ஒன்று' என்று எழுதினார். கீழே கையெழுத்து வைத்து, தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

அது வருடாந்தப் பொதுக்கூட்டத்துக்குப் போயிற்று. கையெழுத்து விழுந்த கணக்கைத் திருத்த முடியாது என்றார் கணக்காய்வாளர். கொடுத்துத் தீர்க்கவும் முடியாது என்றது லண்டன். கஜானன் அன்று கமராவைப் போடவில்லை. கடைசியில் தலைவர் எழுந்து, தீர்க்க முடியாததை ஒரு நிர்வாகம் என்ன செய்யுமோ அதைச் செய்யலாம் என்று முன்மொழிந்தார். சூரிச் வழிமொழிந்தது. நாலு கிளைகளுக்கும் அச்சிட்டு அனுப்பிய ஆண்டறிக்கையின் கடைசிப் பக்கத்தில், கணக்காய்வாளரின் ஒப்பத்துக்கு மேலே, அந்த வரி இப்படி இருக்கிறது:

நிலுவை: ஆள் ஒன்று. அடுத்த நிதியாண்டுக்குக் கொண்டுசெல்லப்படுகிறது.